வேலையில் அடிபட்டால் எவ்வளவு வரும்? வாசகர் கேள்விகளும் வழக்கறிஞரின் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவர்கள் எழுதியவை. விரல் போனவர், முதுகெலும்பு முறிந்தவர், கணவரை இழந்தவர் என்று ஒவ்வொருவர் கதையும் வேறு. ஆனால் எல்லாரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: முதலாளி சொல்லும் தொகை சரியா? தொகையை முதலாளியின் மனசு முடிவு செய்வதில்லை, கணக்கு முடிவு செய்கிறது. சம்பளம் எவ்வளவு, விபத்து நாளில் வயது என்ன, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது, இந்த மூன்றும் தெரிந்தால் நீங்களே பேப்பரில் போட்டுப் பார்த்துவிடலாம்.

சட்டம் மாறிவிட்டதே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் அதற்குள் போய்விட்டது. ஆனால் விபத்து நடந்த நாளில் இருந்த சட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இங்கே உள்ள விபத்துகள் எல்லாமே அந்தத் தேதிக்கு முந்தையவை, அதனால் பழைய சட்டத்தின் எண்களையே போட்டிருக்கிறேன். புதிய சட்டத்திலும் கணக்கின் எலும்புக்கூடு இதேதான். சம்பள வரம்பும் குறைந்தபட்சத் தொகையும் மத்திய அரசின் அறிவிப்பைப் பொறுத்தவை.

மேடம், அம்பத்தூரில் ஆறு பேர் வேலை பார்க்கும் சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். வயது 28, சம்பளம் 18,000. 2025 பிப்ரவரியில் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரஸ்ஸில் மாட்டி அடியோடு போய்விட்டன. ஆஸ்பத்திரிச் செலவு 60,000-ஐ முதலாளி கட்டினார். இப்போது 75,000 தருகிறேன் என்கிறார். இரண்டு கையாலும் அமுக்க வேண்டிய இரண்டு பட்டனில் ஒன்றுக்கு டேப் ஒட்டி ஓட்டினாய், அது உன் தப்பு, கேஸ் போட்டால் இதுவும் கிடைக்காது என்கிறார். வாங்கிக்கொள்ளவா?

வாங்காதீர்கள் தம்பி. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

முழு ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, அதை வயதுக்கான பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். உங்கள் சம்பளம் 18,000 என்றாலும் கணக்கில் 15,000 வரைதான் எடுப்பார்கள், 2020 ஜனவரி 3 முதல் அந்த வரம்பு. (அதற்கு முன்னால் 8,000 ஆக இருந்தது, அதற்கும் முன்னால் வெறும் 4,000. அந்தக் காலத்தில் கை போனவர்கள் வாங்கிப்போன தொகையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.) 15,000-இல் 60 சதவீதம் 9,000. பெருக்கு எண் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வயது வாரியாக இருக்கிறது: 16 வயதுக்கு 228.54, உங்கள் 28 வயதுக்கு 211.79, 50 வயதுக்கு 153.09, 65-க்கு 99.37. வயது ஏற ஏற எண் இறங்கும், இன்னும் எத்தனை வருடம் உழைத்திருப்பீர்கள் என்பதுதான் அதன் பொருள். 9,000-ஐ 211.79-ஆல் பெருக்கினால் 19,06,110.

இது முழு ஊனத்துக்கான தொகை. உங்களுக்குப் போனது இரண்டு விரல். எந்த உறுப்புக்கு எத்தனை சதவீதம் என்று முதலாம் அட்டவணை சொல்கிறது: ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம், மூன்று என்றால் 30, நான்கு என்றால் 50, கட்டைவிரல் மட்டும் போனாலே 30. ஆகவே உங்களுக்கு 19,06,110-இல் 20 சதவீதம், 3,81,222 ரூபாய். அவர் தருவதாகச் சொல்வது இதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கட்டிய 60,000-ஐ இதில் கழிக்கவும் முடியாது. சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவை முதலாளி தர வேண்டும் என்று 2009 திருத்தத்திலேயே வந்துவிட்டது, அப்படித் தந்தது இழப்பீடாகக் கணக்காகாது. அவர் அதை உங்களுக்குச் செய்த உதவி மாதிரிப் பேசினால் பேசட்டும், நீங்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை.

டேப் விஷயத்துக்கு வருவோம், உங்களைப் பயமுறுத்துவது அதுதான் என்று புரிகிறது. கவனக்குறைவாக இருந்தார் என்பதற்காக இந்தச் சட்டத்தில் ஒரு பைசாவைக்கூடக் குறைக்க முடியாது. குடித்துவிட்டு அல்லது போதையில் இருந்ததால் நடந்த விபத்து, பாதுகாப்புக்காகக் கொடுத்த வெளிப்படையான உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே வேண்டுமென்று கழற்றியது, இந்த மூன்றில் ஒன்றை முதலாளி நிரூபித்தால்தான் அவர் தப்பிக்க முடியும். சாவு, நிரந்தர முழு ஊனம் இரண்டிலும் அந்தத் தப்பும் வழியும் கிடையாது. பீஸ் எண்ணிக்கை ஏற வேண்டும் என்பதற்காக ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிட்டு ஒரு கையால் ஓட்டச் சொல்வது பட்டறை வட்டாரத்தில் யாருக்கும் புதிய செய்தியில்லை. உங்கள் மெஷினில் அதை ஒட்டியது யார், சூபர்வைசர் பார்த்துக்கொண்டு இருந்தாரா, மற்ற மெஷின்களும் அப்படித்தான் ஓடினவா, கூட வேலை பார்த்தவர்களில் யார் வந்து சாட்சி சொல்வார் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். மெஷினின் போட்டோ இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பலருக்கு வெறுமனே 'விரல்களில் நசுங்கல் காயம்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அட்டவணையோ கணுக் கணுவாகப் பிரிக்கிறது: ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு என்றால் 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 5. எங்கே வெட்டியது என்பதை எக்ஸ்ரே எடுத்து டாக்டர் தெளிவாக எழுதித் தர வேண்டும். விரல் இருந்தும் நிரந்தரமாக மடங்காமல் அடியோடு பயன்படாமல் போய்விட்டால், அதையும் விரல் போனதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது.

இழப்பீட்டை விபத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி சேரும், உங்கள் தொகைக்கு வருடம் 45,700 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்று கமிஷனர் (இந்த வழக்குகளை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரி) நினைத்தால் தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம். முதலாளிக்கு ஒர்க்மென் காம்ப் பாலிசி, அதாவது தொழிலாளர் இழப்பீட்டுக்கான இன்சூரன்ஸ், இருக்கிறதா என்று விசாரியுங்கள். அது இருந்தால் அவர் கையிலிருந்து பெரும்பாலும் ஒன்றும் போகாது. அபராதத்தை மட்டும் இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது. இதை அவருக்கு எடுத்துச் சொன்னாலே பாதிப் பிரச்சினை பேச்சிலேயே தீர்ந்துவிடலாம்.

மதுரைப் பக்கம் கொத்தனார் வேலை பார்த்தேன். வயது 43. 2025 ஏப்ரலில் சாரம் சரிந்து விழுந்ததில் முதுகெலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. எழுந்து நடக்கிறேன், ஆனால் குனிய முடியவில்லை, பத்து நிமிடம் நின்றால் கால் மரத்துவிடுகிறது. டாக்டர் 40 சதவீத ஊனம் என்று சர்டிபிகேட் தந்திருக்கிறார். தினக்கூலி 900 ரூபாய், மேஸ்திரி கையில் கொடுப்பார், எந்த ரசீதும் கிடையாது. எனக்கு 40 சதவீதம்தான் கிடைக்குமா? யாரிடம் கேட்பது, மேஸ்திரியிடமா வீட்டுக்காரரிடமா?

அண்ணே, உங்கள் கேள்விதான் இந்த விஷயத்திலேயே அதிகம் சண்டை நடக்கும் இடம்.

முதுகெலும்பு முறிவு அந்த உறுப்பு அட்டவணையில் இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, 'சம்பாதிக்கும் திறன்' எவ்வளவு போனது என்று தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் கையில் உள்ள சர்டிபிகேட்டை எடுத்து இன்னொரு தடவை படியுங்கள். அதில் இருக்கும் 40 சதவீதம் பெரும்பாலும் உடலின் ஊனம், முதுகு எவ்வளவு வளைகிறது, காலில் எவ்வளவு பலம் குறைந்திருக்கிறது என்று அளந்து போட்டது. மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போடுகிற கணக்கும் அதுதான். சம்பாதிக்கும் திறன் வேறு கணக்கு. கணக்குப்பிள்ளைக்கு முதுகில் 40 சதவீத ஊனம் வந்தால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடரலாம். செங்கல் எடுத்துக் குனிந்து கட்டி, சாரம் ஏறி இறங்கிப் பிழைத்தவருக்கு அதே காயத்தில் தொழிலே போய்விடுகிறது.

1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு ஒரிசா வழக்கு உங்களுக்குத் துணையாக நிற்கும். ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கைதானே போயிற்று, அட்டவணைப்படி பகுதி ஊனம்தான் என்று வாதாடினார்கள். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று கமிஷனர் முடிவு செய்தது சரியே என்றது நீதிமன்றம். ஐம்பது வருடம் ஆகியும் தொழிலாளர் பக்கம் வாதாடுகிற எல்லாரும் கையில் எடுக்கும் தீர்ப்பு இது. எதிர்ப்பக்கத்தில் சொல்வார்கள்: இவர் வாட்ச்மேன் வேலை பார்க்கலாமே, கடையில் உட்காரலாமே என்று. சில வழக்குகளில் அந்த வாதம் எடுபட்டு 50, 60 என்று நடுவில் ஏதாவது ஓர் இடத்தில் முடிந்திருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால் எல்லாம் சாட்சியத்தில்தான் இருக்கிறது. டாக்டரிடம் திரும்பப் போய், எடை தூக்குவது, குனிவது, குந்துவது, உயரத்தில் ஏறுவது, நெடுநேரம் நிற்பது இவற்றில் எதெல்லாம் இனி முடியாது, கொத்தனார் வேலைக்குத் திரும்ப முடியுமா முடியாதா என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். அவர் கமிஷனர் முன்னால் வந்து அதைச் சொல்லவும் வேண்டும். வெறும் சர்டிபிகேட்டை நீட்டிவிட்டு வருகிறவர்கள் அங்கேதான் பாதியை இழக்கிறார்கள்.

தொகையாகப் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும். 43 வயதுக்குப் பெருக்கு எண் 175.54. 15,000-இல் 60 சதவீதம் 9,000, முழு ஊனம் என்றால் 15,79,860. அதில் 40 சதவீதம் மட்டும் என்றால் 6,31,944. ஒரு டாக்டர் சீட்டில் எழுதும் எண்ணுக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் விலை இருக்கிறது.

கூலிக்கு ரசீது இல்லாததைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். மேஸ்திரியின் நோட்டு, எப்போதாவது ஜிபே-யில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, கூட வேலை பார்த்த கொத்தனார், சித்தாள் சாட்சி, எதுவும் இல்லையென்றால் தமிழக அரசு கட்டட வேலைக்கு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலி. 900 ரூபாயில் மாதம் 26 நாள் என்றால் 23,400, அது 15,000 வரம்பைத் தாண்டிவிடுகிறது. மாதம் 15 நாள்தான் வேலை இருந்தது என்று அவர்கள் நிரூபித்தால்கூட 13,500 வரும், முழு ஊனத்துக்கு 14,21,874. ஆக கூலியை விட சதவீதத்தில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? பில்டர் கம்பெனி கட்டுகிற கட்டடம் என்றால், மேஸ்திரியோடு சேர்த்துக் கம்பெனியையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். காண்டிராக்டர் வைத்த ஆளுக்கு முதன்மை முதலாளியும் பொறுப்பு, அவர் கொடுத்துவிட்டுக் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தன் சொந்த வீட்டைக் கட்டும் சாதாரண வீட்டுக்காரருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது, அவருக்கு வீடு கட்டுவது தொழில் இல்லையே. அப்போது மேஸ்திரிதான் முதலாளி. வீட்டுக்காரரே உங்களை நேரடியாகக் கூலிக்கு வைத்திருந்தால் அது வேறு, அவரையும் சேருங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கே தனியாக மனுப் போடுங்கள், அந்தப் பணம் இதில் கழியாது.

நாமக்கல். என் கணவர் லாரி டிரைவர், 37 வயது. 2025 ஜூனில் நாக்பூர் அருகே லாரி கவிழ்ந்து இறந்துவிட்டார். தூக்கத்தில் ஓட்டினார், அவர் தப்புதான் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதிவிட்டார்கள். ஓனர் காரியத்துக்கு வந்தபோது இரண்டு லட்சம் கொடுத்து, இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மாமியாரும் (மாமனார் உயிரோடு இல்லை) பங்கு கேட்கிறார். இரண்டு பெண் குழந்தைகள். இனி ஏதாவது செய்ய முடியுமா மேடம்?

முடியும் அம்மா. அந்த ஸ்டாம்பு பேப்பரை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாவுக்கான இழப்பீட்டை முதலாளி கமிஷனர் அலுவலகத்தில்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. முன்பணமாக மூன்று மாதச் சம்பளம் வரை கொடுத்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதி வாங்கும் ஒப்பந்தமும் செல்லாது, சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. கருமாதி வீட்டில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குவார்கள் என்பதை அந்தக் காலத்திலேயே யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

எஃப்.ஐ.ஆரில் அவர் தப்பு என்று இருந்தாலும் இந்தச் சட்டத்தில் பாதிப்பில்லை. ஓட்டும் வேலையில் இருக்கும்போது, அந்த வேலையால் விபத்து நடந்தது, அது போதும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வேறு வண்டி மோதியிருந்தால் தீர்ப்பாயத்தில் தொகை பெரும்பாலும் அதிகம் கிடைக்கும், அங்கே 15,000 வரம்பு கிடையாது, எதிர்கால வருமான உயர்வையும் சேர்ப்பார்கள். வண்டி தானாகக் கவிழ்ந்து, தப்பு டிரைவருடையது என்று இருக்கும்போது அங்கே போனால் கை நழுவிவிடும். உங்களுக்குக் கமிஷனர்தான் வழி.

சாவுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம். 37 வயதுக்குப் பெருக்கு எண் 192.14. சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. நாமக்கல் பக்கம் பலருக்கும் சம்பளம் கொஞ்சமாகவும் பேட்டா தனியாகவும் இருக்கும், சண்டையும் அங்கேதான் வரும். சம்பளம் 12,000 மட்டும் என்று ஓனர் சொன்னால் 11,52,840. பேட்டாவும் சேர்ந்து 15,000-ஐத் தொட்டால் 14,41,050. பயணச் செலவுக்காகத் தரும் பணம் சம்பளமாகாது என்று சட்டம் சொல்வதைப் பிடித்துக்கொண்டு பேட்டா முழுதையும் செலவுக் கணக்கில் தள்ளப் பார்ப்பார்கள். டிரிப்புக்கு இவ்வளவு என்று நிலையாகக் கொடுத்து, அதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார் என்றால் அதை வருமானமாகக் காட்ட முயலலாம். அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாதாமாதம் வந்த பணத்துக்குப் பாங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்து வையுங்கள். ஈமச் செலவுக்குக் குறைந்தது 5,000 தனி.

மாமியார் விதவை, மகனை நம்பி இருந்தவர், அவருக்கும் உரிமை உண்டு. உங்களுக்கு எவ்வளவு, குழந்தைகளுக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று கமிஷனரே பிரித்துக் கொடுப்பார், குழந்தைகள் பங்கை டெபாசிட்டில் போடச் சொல்வதும் உண்டு. அவரையும் மனுதாரராகச் சேர்த்தே மனுப் போடுங்கள், வீட்டுக்குள் சண்டை வந்தால் லாபம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத்தான். நாக்பூர் வரை அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தொழிலாளர் துணை ஆணையர் அல்லது இணை ஆணையர் அலுவலகத்திலேயே போடலாம், அவர்தான் இந்தச் சட்டத்துக்குக் கமிஷனர். இரண்டு வருடக் கெடு, 2027 ஜூனுக்குள். அதுவரை காத்திருக்காதீர்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். வயது 24, தினம் 600 ரூபாய், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். பேண்ட் நைஃப் மெஷினில் இடது கட்டைவிரலின் மேல் கணு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வீட்டில் அடிபட்டது என்று சொல்லச் சொன்னார்கள், நானும் பயத்தில் சொல்லிவிட்டேன். லட்சக்கணக்கில் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று ரூமில் இருக்கும் நண்பன் சொல்கிறான்.

நண்பர் சொல்வது ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு. ஈ.எஸ்.ஐ. உள்ளவர் கமிஷனரிடம் போக முடியாது, சட்டமே தடுக்கிறது. ஆனால் அதனால் நீங்கள் நஷ்டப்படவில்லை. கணக்கைப் பாருங்கள்: கட்டைவிரல் மேல் கணுவுக்கு 20 சதவீதம். தினக்கூலியில் 90 சதவீதம் 540 ரூபாய், அதில் 20 சதவீதம் 108. ஆக நாளொன்றுக்கு ஏறத்தாழ 108 ரூபாய், மாதம் 3,240 போல, உயிரோடு இருக்கும் வரை. வேறு வேலைக்குப் போனாலும் நிற்காது. கமிஷனரிடம் போக முடிந்திருந்தால் உங்களுக்கு ஒரே தடவையாக 3,93,246 வந்திருக்கும், ஈ.எஸ்.ஐ. பென்ஷன் பத்து வருடத்தில் அந்தத் தொகையைத் தாண்டிவிடும், உங்களுக்கோ அப்போது வயது 34தான் ஆகியிருக்கும். வேலைக்குப் போக முடியாமல் இருந்த நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதமும் தனியாக உண்டு.

இதெல்லாம் கிடைக்க வேண்டுமென்றால் அது வேலையில் நடந்த விபத்தாக இருக்க வேண்டும். அந்த ஒற்றைப் பொய்யை உடனே சரிசெய்யுங்கள். வீட்டுக் காயம் என்றால் உங்களுக்கு நோய்க்கால உதவி மட்டும்தான், கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள், அதோடு முடிந்தது, பென்ஷன் கிடையாது. தொழிற்சாலை ஆய்வுக்குப் பயந்து கம்பெனி உங்கள் வாழ்நாள் பென்ஷனை அடகு வைக்கிறது. ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு விபத்து நடந்த தேதி, நேரம், மெஷின், பார்த்தவர்கள் பெயர் எல்லாம் எழுதி ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால் அனுப்புங்கள், கம்பெனி விபத்து அறிக்கை தரவில்லை என்பதையும் எழுதுங்கள். அன்றைக்கு ஷிப்டில் இருந்தீர்கள் என்பதற்கு வருகைப் பதிவு இருக்கும், அது பெரிய சாட்சி. பிறகு மெடிக்கல் போர்டுக்கு அழைப்பார்கள், சதவீதத்தில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு உண்டு.

பைக்கில் வேலைக்குப் போகும் வழியில் விபத்து. இது வேலை விபத்தா?

இப்போது தைரியமாகக் கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலை வாட்ச்மேன் ஒருவர் 2003இல் விடியற்காலை டூட்டிக்குப் பைக்கில் போகும்போது இறந்தார். அவர் குடும்பத்துக்கு 2025 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் நியாயம் செய்தது: வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் நடக்கும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் வேலை விபத்தே. 22 வருடம். புதிய சட்டத் தொகுப்பில் இது நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. போகும் வழியில் எங்காவது சொந்த வேலையாகச் சுற்றப் போயிருந்தால் வாதம் பலவீனமாகும்.

கால் எலும்பு முறிந்து 45 நாள் வீட்டில் இருந்தேன். இப்போது முழுக்க ஆறிவிட்டது, ஈ.எஸ்.ஐ. இல்லை. சம்பளம் 14,000. ஏதாவது உண்டா?

உண்டு. தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு தடவை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். உங்களுக்கு ஒரு தடவைக்கு 3,500, மூன்று தடவை என்றால் 10,500, மருத்துவச் செலவு தனி. 28 நாளுக்கு மேல் போனதால் முதல் நாளிலிருந்தே கணக்கு. அதற்குக் குறைவு என்றால் முதல் மூன்று நாளை விட்டுவிடுவார்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை. மனுப் போட என்னென்ன வேண்டும்?

15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண். சென்னையில் இருந்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, நேரில் போய் விசாரிக்கலாம். கையில் இருக்க வேண்டியவை: ஆஸ்பத்திரியில் முதலில் பதிந்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில்கள், வயதுக்கு ஆதார் அல்லது பள்ளிச் சான்று, சம்பளத்துக்கு ஏதாவது ஓர் ஆதாரம், போலீசில் எழுதியிருந்தால் சி.எஸ்.ஆர். (புகார் பதிந்த ரசீது) அல்லது எஃப்.ஐ.ஆர். நகல். முதலாளிக்கு விபத்து பற்றி எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, அதன் தபால் ரசீதையும் இதோடு சேர்த்து வையுங்கள். இரண்டு வருடம் தாண்டியவர்களும் காரணத்தை எழுதி மனுப் போடலாம், படுத்த படுக்கையாக இருந்தது போன்ற நியாயமான காரணம் என்றால் கமிஷனர் தாமதத்தை மன்னித்து எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடமிருக்கிறது.